சாத்தியிருக்கும் கதவு

இங்கிலாந்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், தம்பி தங்கைகளுக்கும்,



கோடையில் நாலு நாள் வெயில் அடித்தால் போதும், புளிச்சோறும் தண்ணீர்ப் பாட்டில்களுமாக நம் குடும்பங்கள் கேம்பர் கடற்கரைக்குக் கிளம்பிவிடும். லண்டனிலிருந்து எம்20, ஆஷ்ஃபோர்டில் இறங்கி ஏ2070, பிரென்ஸெட்டில் திரும்பி ஏ259. மேடு என்ற பேச்சே இல்லாத பச்சை வெளி, அதைக் கோடு போட்டுப் பிரிக்கும் வாய்க்கால்கள், எங்கு பார்த்தாலும் செம்மறி ஆடுகள். அந்த வெளிக்குப் பெயர் ரோம்னி மார்ஷ். அதன் நடுவே புரூக்லண்ட் என்றொரு சிற்றூர். பெரிய சாலை அந்த ஊரை உரசிக்கொண்டு போய்விடும். அப்போது மரங்களுக்கு மேலே, மூன்று கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்தது போல ஒரு கறுத்த மரக்கூரை தெரியும். பல வருடம் அதைக் கார் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே போனவள்தான் நானும். இறங்கியதில்லை.

2016 ஆகஸ்டில் கேம்பர் கடல் நம் இளைஞர்கள் ஐந்து பேரை ஒரே நாளில் கொண்டுபோனது. அந்தச் செய்தி வந்த இரவை நம்மில் யாரும் மறக்கவில்லை. மறு வருடம் நாங்கள் கரையில் பூ வைத்துவிட்டுத் திரும்பினோம். காரில் ஒருவரும் பேசவில்லை. புரூக்லண்ட் வந்ததும் என் கணவர் தாமாகவே வண்டியை ஊருக்குள் திருப்பினார். தேவாலயக் கதவு சாத்தியிருந்தது. பூட்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் கதவிலிருந்த இரும்பு வளையத்தைப் பிடித்துத் திருகித் தள்ளினாள். திறந்துகொண்டது. உள்ளே ஆள் யாரும் இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று கேட்க ஒருவரும் வரவில்லை.

அந்த அரை மணி நேரம்தான் இந்த மடலை எழுத வைத்தது. அதற்குப் பிறகு, ரோம்னி மார்ஷில் இன்று நிற்கும் இடைக்காலத் தேவாலயங்கள் 14ஐயும் பார்த்துவிட்டேன். சிலவற்றுக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். உங்களிடம் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த நாட்டில் வேலை செய்கிறோம், பிள்ளை வளர்க்கிறோம், நம்மில் பலர் இந்த மண்ணிலேயேதான் கண்மூடப் போகிறோம். ஆனால் இந்த நாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றால் அரண்மனையையும் லண்டன் கோபுரத்தையும்தான் காட்டுகிறோம். அங்கே இருப்பது ராஜாக்களின் கதை. இந்த நாட்டு உழவனும் இடையனும் மீனவனும் எண்ணூறு வருடம் எப்படி வாழ்ந்தார்கள், எதற்குப் பயந்தார்கள், எதைக் காப்பாற்றினார்கள் என்பது கிராமத்துத் தேவாலயத்தில் இருக்கிறது. கதவு திறந்திருக்கும் காலத்திலேயே உள்ளே போய்ப் பாருங்கள்.

புரூக்லண்டிலேயே தொடங்குகிறேன். அங்கே மணிக்கூண்டு கூரையின் மேல் இல்லை. கோயிலுக்குப் பக்கத்தில், தரையில் தனியாக நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டு மரவேலை. இனி இவர்களுக்கு எங்கே கல்யாணம் என்று ஊரே கைவிட்ட வயதான ஆணும் பெண்ணும் ஒருநாள் ஜோடியாக வந்து நிற்க, அதைக் கண்ட வியப்பில் மணிக்கூண்டு கீழே குதித்துவிட்டது என்று ஊரில் கதை சொல்வார்கள். உண்மைக் காரணம் காலடியில் இருக்கிறது. அடியில் இருப்பது சேறு. கல் கோபுரத்தையும் அதற்குமேல் மணிகளின் பாரத்தையும் அது தாங்காது. உள்ளே போய்த் தூண்களைப் பாருங்கள், வரிசையே வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். சாய்ந்தபடியே பல நூறு வருடமாக நிற்கின்றன.

உள்ளே இருக்கும் பொக்கிஷம் ஞானஸ்நானத் தொட்டி. அது கல்லால் ஆனதல்ல, ஈயத்தில் வார்த்தது. காலம் 12ஆம் நூற்றாண்டு. இங்கிலாந்து முழுவதிலும் ஈயத் தொட்டிகள் ஏறத்தாழ முப்பதுதான் மிஞ்சியிருக்கின்றன. புரூக்லண்ட் தொட்டியைச் சுற்றி இரண்டு அடுக்காகச் சின்னச் சின்ன வளைவுகள், மாடம் மாடமாக. மேல் மாடத்தில் ராசி. அதற்கு நேர் கீழே அந்த மாதத்தில் குடியானவன் செய்யும் வேலை. மாதப் பெயர்கள் அந்தக் காலத்து நார்மன் பிரெஞ்சில். மொத்தம் இருபது வளைவு. பன்னிரண்டு மாதமும் முடிந்த பிறகும் இடம் மிஞ்சியதால், வார்த்தவர் எட்டு மாதங்களை மறுபடி பதித்து வட்டத்தை நிரப்பிவிட்டார்.

குனிந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஜனவரியில் இரண்டு முகம் கொண்ட ஜானஸ் விருந்து உண்கிறான். ஒரு முகம் போன வருடத்தைப் பார்க்கிறது, இன்னொன்று வரும் வருடத்தை. பிப்ரவரியில் ஒருவன் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து குளிர்காய்கிறான். மார்ச்சில் திராட்சைக் கொடியைக் கவாத்து செய்கிறான். மே மாதத்தில் கையில் வல்லூறு ஏந்தி ஒருவர் குதிரையில் போகிறார். அவர் பிரபு. ஜூனில் புல் அறுப்பு, ஆகஸ்டில் கதிர் அறுப்பு, செப்டம்பரில் கதிரடிப்பு, அக்டோபரில் திராட்சை மிதிப்பு. நவம்பரில் பன்றிக்கு ஓக் காய் உதிர்த்துப் போடுகிறான். டிசம்பரில் அதே பன்றிக்கு ஓங்கிய கோடாலி.

என் மகள் தொட்டியைச் சுற்றி வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். "அம்மா, தராசு! இது துலாம்தானே?" என்றாள். ஊரிலிருந்து பாட்டி அனுப்பும் நாள்காட்டியில் அவள் தினமும் பார்க்கும் படம் அது. பிறகு வரிசையாகக் கண்டுபிடித்தாள்: வில்லோடு தனுசு, இரட்டை மீன், தேள். பாபிலோனில் உருவான இந்தப் பன்னிரண்டும் கிரேக்கர்கள் வழியாக ஒரு பக்கம் ஐரோப்பாவுக்கும் இன்னொரு பக்கம் இந்தியாவுக்கும் போயின. நம் வீட்டு ஜாதகக் கட்டமும் கென்ட் மாவட்டத்து ஞானஸ்நானத் தொட்டியும் தூரத்து உறவு. பள்ளிக்கூடத்தில் யாரும் அதை அவளுக்குச் சொல்லவில்லை. ஒரு கிராமத்துக் கோயிலில் முட்டி போட்டு உட்கார்ந்து அவளே தெரிந்துகொண்டாள்.

ஈயம் உருக்குவதற்கு எளிது. சண்டை வந்தால் துப்பாக்கிக் குண்டாகும், பஞ்சம் வந்தால் காசாகும். எண்ணூறு வருடமாக இந்த ஊரில் வந்த ஒவ்வொரு தலைமுறையும் அதை உருக்காமல் விட்டிருக்கிறது. யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இந்தச் சேற்று நிலத்தில் இத்தனை தேவாலயம் ஏன் என்று கேட்பீர்கள். ரோம்னி மார்ஷ் கடலிடமிருந்து மீட்ட பூமி. இன்றும் அதில் பெரும்பகுதி கடலின் ஏற்றநீர் மட்டத்துக்குக் கீழேதான் கிடக்கிறது. டிம்சர்ச் கடற்சுவர் இல்லையென்றால் ஆடு மேயும் இடத்தில் அலை அடிக்கும். வாய்க்காலையும் கரையையும் பராமரிக்க 13ஆம் நூற்றாண்டிலேயே 24 பேர் கொண்ட குழு இருந்தது. யாருக்கு எவ்வளவு நிலமோ அதற்கேற்ற பங்கை அவர்கள் வசூலித்தார்கள். நாம் குடிமராமத்து என்று சொல்வோமே, அதைப் போன்ற ஏற்பாடுதான். நிலம் நல்ல வளம். கேன்டர்பரி மடத்துக்கு இங்கே நிறையச் சொத்து இருந்தது. ஊர்கள் பெருகின, ஊருக்கொரு கோயில் எழுந்தது.

பிறகு அடி மேல் அடி. 1348–49இல் கொள்ளைநோய். அதற்குப் பின் ஆள் அதிகம் தேவைப்படாத ஆட்டுப் பண்ணைகள். கூடவே விட்டுவிட்டு வரும் குளிர்காய்ச்சல். ஆமாம், இங்கிலாந்திலும் மலேரியா இருந்தது; இந்தச் சதுப்பு நிலக் கொசு 19ஆம் நூற்றாண்டு வரை குழந்தைகளையும் பெரியவர்களையும் வாரிக்கொண்டு போனது. குருவானவர்களில் சிலர் மேட்டு நிலத்தில் வீடு வைத்துக்கொண்டு ஆராதனைக்கு மட்டும் கீழே இறங்கி வந்தார்கள். ஊர்கள் கரைந்தன. ஹோப், மிட்லி, ஈஸ்ட்பிரிட்ஜ் என்ற இடங்களில் இடிந்த சுவர் மட்டும் வயல் நடுவே நிற்கிறது. ஊர் போய்விட்டது, கோயில் மிஞ்சியது. இந்த வெளியின் சோகமும் அழகும் அதுதான்.

அதைக் கண்ணால் காண ஃபேர்ஃபீல்டு போக வேண்டும். புரூக்லண்டிலிருந்து காரில் சில நிமிடம். சாலையில் நின்று பார்த்தால் மேய்ச்சல் வெளி நடுவே செங்கல்லும் ஓடுமாக ஒரு சின்னக் கோயில், சுற்றி வாய்க்கால். வீடு இல்லை, மரம் இல்லை, மதில் இல்லை. பெயர் புனித தாமஸ் பெக்கெட் தேவாலயம். 1170இல் கேன்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டாரே, அந்தப் பேராயர். பிற்காலப் பேராயர் ஒருவர் இந்த வழியே வரும்போது வாய்க்காலில் விழுந்து மூழ்கப்போனாராம். புனித தாமஸை அழைத்துக் கதறினாராம். குடியானவன் ஒருவன் வந்து கைகொடுத்துத் தூக்கினானாம். அந்த நன்றிக்குக் கட்டிய கோயில் என்பது ஐதீகம். 1913இல் வரப்புப் பாதை போடும் வரை மழைக்காலத்தில் ஆராதனைக்குப் படகிலோ குதிரையிலோதான் வர முடிந்தது.

நான் முதலில் போனபோது, சற்றுத் தள்ளியிருந்த ஒரு வீட்டுச் சுவரில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை விட நீளமான இரும்புச் சாவி. எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், பூட்டிவிட்டுத் திரும்ப மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. கையெழுத்துக் கேட்கவில்லை, காசு கேட்கவில்லை. எங்கிருந்தோ வந்த என்னை நம்பி ஒரு ஊர் தன் கோயில் சாவியைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறது. வரப்பில் நடக்கும்போது அது கையில் கனத்தது. ஆடுகள் விலகி வழிவிட்டன.

உள்ளே தலைக்குமேல் கப்பல் எலும்புக்கூடு போலப் பெரிய மர உத்தரங்கள். அவைதான் பழைய கோயில். வெளியே தெரியும் செங்கல் 18ஆம் நூற்றாண்டில் போர்த்திய சட்டை. வெள்ளை அடித்துக் கறுப்பு விளிம்பு கட்டிய பெட்டி இருக்கைகள், ஒவ்வொன்றுக்கும் சின்னக் கதவு. காற்று உள்ளே வராமலிருக்க அந்த அடைப்பு. மூன்றடுக்குப் பிரசங்க மேடை: கீழ்த்தட்டில் சபை எழுத்தர், நடுவில் வேதவாசிப்பு, உச்சியில் பிரசங்கம். ஞானஸ்நானத் தொட்டிக்கு ஏழு பட்டை. இந்தப் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில், சிலுவை இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கும் உயரத்தில் அரச முத்திரை. எட்டாம் ஹென்றி 1534இல் ரோமோடு உறவை முறித்த பிறகு, திருச்சபைக்குத் தலைவர் யார் என்று நினைவூட்ட ஊர் ஊராக அரச முத்திரை ஏறியது. அவர் மகன் காலத்தில் சுவர் ஓவியங்களுக்கு வெள்ளையடித்தார்கள். புரூக்லண்டில் அந்தச் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து பெக்கெட் கொலைக் காட்சி மங்கலாக மீண்டு வந்திருக்கிறது. அழிக்கப் பூசிய சுண்ணாம்புதான் அதை நமக்குக் காத்துக் கொடுத்தது.

மற்ற ஊர்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூ ரோம்னியில் புனித நிக்கோலாஸ் தேவாலயத்துக்குள் நுழையப் படி இறங்க வேண்டும். கட்டியபோது தரைமட்டத்தில் இருந்த வாசல் அது. கப்பல்கள் கிட்டத்தட்டக் கோயில் மதிலருகே வந்து நின்ற காலம். 1287இல் அடித்த பெரும்புயல் சேற்றையும் மணலையும் வாரி வந்து ஊரை நிரப்பியது. ரோதர் ஆறு போக்கை மாற்றிக்கொண்டு ரை நகரத்துப் பக்கம் போய்விட்டது. துறைமுக ஊர் ஒரே அடியில் கரையிழந்தது. கோயிலைத் தோண்டி எடுக்காமல், சுற்றி உயர்ந்த மண்ணில் தெருவைப் போட்டுக்கொண்டார்கள். தூண்களின் கீழ்ப்பகுதியில் படிந்திருக்கும் கறையை அந்த வெள்ளத்தின் அடையாளமாகக் காட்டுவார்கள். சுனாமியைப் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. அந்தக் கறை முன் நின்றால் விளக்கம் தேவைப்படாது.

ஸ்னார்கேட்டில் சுவரில் ஒரு பெரிய கப்பல் ஓவியம், 1500ஐ ஒட்டிய காலத்தது. கப்பல் வரைந்த கோயில் என்றால் சரக்கை ஒளிக்கலாம் என்று கடத்தல்காரர்களுக்குக் குறிப்பு என்பார்கள். 1275இல் கம்பளி ஏற்றுமதிக்கு வரி போட்ட நாள் முதல் மார்ஷ் மக்கள் இரவில் கம்பளியைக் கடல் கடத்தினார்கள். பிற்பாடு தேயிலையும் பிராந்தியும் புகையிலையும் எதிர்த்திசையில் வந்தன. 1821 பிப்ரவரியில் கடத்தல்காரர்களுக்கும் காவல் படைக்கும் நடந்த ரத்தக்களறிக்குப் பெயரே புரூக்லண்ட் சண்டை. பகலெல்லாம் வாய்க்கால் தூர்வாரினாலும் பிள்ளைக்கு வயிறு நிறையாத கூலி, இரவில் ஒரு பீப்பாய் தூக்கினால் கை நிறையக் காசு. அந்தக் கணக்கை வைத்துத்தான் அவர்களை நாம் எடைபோட வேண்டும்.

ஐவிசர்ச்சில் காவல்காரர் கூண்டு போல ஒரு மரக்கூடு வைத்திருக்கிறார்கள். மழையில் அடக்க ஆராதனை நடந்தால் அதைக் குழியருகே தூக்கிவந்து வைப்பார்கள், குருவானவர் உள்ளே நின்று ஜெபிப்பார். ஓல்டு ரோம்னியின் பெட்டி இருக்கைகள் இளஞ்சிவப்பு. 1960களில் சினிமாக்காரர்கள் படப்பிடிப்புக்காக அடித்த நிறம், ஊராருக்குப் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் திரைப்பட இயக்குநர் டெரெக் ஜார்மன் 1994 முதல் உறங்குகிறார். செயின்ட் மேரி இன் த மார்ஷில், உங்கள் பிள்ளைகள் படித்திருக்கக்கூடிய ‘ரயில்வே சில்ட்ரன்’ கதையை எழுதிய இ. நெஸ்பிட்டின் கல்லறை. 1924இல் மறைந்தார். கப்பல் வேலை பார்த்த அவருடைய கணவர், கல்லுக்குப் பதில் தம் கையாலேயே ஒரு மரச்சட்டம் செய்து தலைமாட்டில் நட்டார்.

இனி, இதைச் சொல்லும்போதெல்லாம் நம்மவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு வருகிறேன்.

"நாம் சைவக்காரர், அவர்கள் கோயிலுக்குள் போகலாமா?" தாராளமாகப் போகலாம். ஞானஸ்நானம் பெற்றவர்தானா என்று வாசலில் யாரும் கேட்பதில்லை. செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, கழற்றினால் குளிரில் கால் விறைத்துவிடும். ஆராதனை நடந்துகொண்டிருந்தால் முடியும் வரை பொறுங்கள், அல்லது பின்னிருக்கையில் அமைதியாக உட்காருங்கள். நம்மிடையே கிறிஸ்தவக் குடும்பங்களும் நிறைய. நீங்கள் எங்களுக்கு வழிகாட்டுங்கள். பீடமும் பிரசங்க மேடையும் ஞானஸ்நானத் தொட்டியும் உங்கள் வாயில் பிறந்த சொற்கள்.

"நம்மை ஆண்டவர்களின் கோயிலை நாம் ஏன் கொண்டாட வேண்டும்?" இந்தக் கேள்வியை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். இங்கிலாந்துத் தேவாலயச் சுவர்களில் மதராஸ், சிலோன் என்ற பெயர்கள் பளிங்கில் வெட்டியிருப்பதையும் பார்க்கலாம். அங்கே சம்பாதித்த பணம் இங்கே கல்லாகியிருக்கிறது. அதையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், மறைக்கக் கூடாது. ஆனால் அதே சுவருக்குள்தான், பிப்ரவரிக் குளிரில் நெருப்பு முன் உட்கார்ந்திருக்கும் அந்த ஈய மனிதனும் இருக்கிறான். அவன் யாரையும் ஆளவில்லை. அவனிடமும் தசமபாகம் பிடுங்கினார்கள்; பத்தில் ஒரு பங்கு விளைச்சலை நிறுத்து வாங்கிய இடத்தையும் தராசையும் புரூக்லண்ட் கோயிலுக்குள்ளேயே பார்க்கலாம். நிலவரிக்குப் பயந்த நம் பாட்டன் பூட்டனுக்கு அவனைப் புரிந்திருக்கும்.

"இதையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா?" நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லை. இங்கிலாந்து திருச்சபைக்கு ஏறத்தாழ 16,000 தேவாலயங்கள். அவற்றில் 12,000க்கும் மேற்பட்டவை பாதுகாக்க வேண்டிய கட்டடங்களாகப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றின் கூரையும் சுவரும் அந்தந்த ஊர்ச் சபையின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்துப் பன்னிரண்டு தலைகள், பெரும்பாலும் எழுபது தாண்டியவர்கள். அவர்கள்தான் ஓடு மாற்றவும் ஈயத் தகட்டைத் திருடர்கள் உரித்துக்கொண்டு போனால் புதிதாகப் போடவும் பணம் தேட வேண்டும். அவர்களில் ஒருவர் காலையில் வந்து கதவைத் திறக்கிறார், மாலையில் வந்து பூட்டுகிறார். இன்னொருவர் பூ வைக்கிறார். இவர்கள் ஓய்ந்தால் அடுத்து யார்?

அந்தக் கவலையில் பிறந்த அமைப்புகள் உண்டு. கைவிடப்பட்ட கோயில்களுக்காக 1957இல் தொடங்கிய அமைப்பு தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘நண்பரற்ற தேவாலயங்களின் நண்பர்கள்’. 1969இல் சட்டப்படி தொடங்கிய இன்னொரு அறக்கட்டளையின் பொறுப்பில் இன்று 350க்கும் மேற்பட்ட கோயில்கள். ரோம்னி மார்ஷுக்கென்றே 1982 முதல் தனி அறக்கட்டளை இயங்குகிறது. வழக்கமான ஆராதனை நின்றுபோன ஸ்னேவ் தேவாலயம் போன்றவை தலைநிமிர்ந்து நிற்பது இத்தகையவர்களால்தான். மார்ச் கடைசியில் ஸ்னேவ் போய்ப் பாருங்கள். கல்லறைத் தோட்டம் முழுவதும் டாஃபடில் பூத்து மஞ்சளாகக் கிடக்கும்.

நான் உங்களிடம் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை.

கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு கோயில், இருபது நிமிடம். உண்டியல் இருக்கும், நீங்கள் குடிக்கும் காப்பி விலையைப் போட்டுவிட்டு வாருங்கள். விருந்தினர் புத்தகம் இருக்கும், அதில் ஊரும் பெயரும் எழுதுங்கள். இந்த இடத்துக்கு ஆள் வருகிறார்கள் என்று காட்டி மானியம் கேட்க அந்தப் பக்கங்கள் அவர்களுக்கு உதவும். என் மகள் தன் பெயரைத் தமிழில் எழுதுவாள். நீங்களும் எழுதுங்கள். ஆடு மேயும் வெளியில் திறக்கும் கேட்டை மறக்காமல் சாத்துங்கள். கோயில் கதவையும் சாத்துங்கள்; பறவை உள்ளே நுழைந்தால் வெளியேற வழி தெரியாமல் ஜன்னலில் மோதிச் செத்துவிடும்.

பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள். வளைவு அரைவட்டமாக இருந்தால் நார்மன் காலம், உச்சியில் கூர்மையாக இருந்தால் அதற்குப் பின்பு. எத்தனை அரைவட்டம், எத்தனை கூர்வளைவு என்று எண்ணச் சொல்லுங்கள். குருவானவர்களின் பெயர்ப் பட்டியல் பல கோயில்களில் மாட்டியிருக்கும். 1349ஐத் தேடச் சொல்லுங்கள்; பல ஊர்களில் அந்த வருடத்தில் பெயர் மாறியிருக்கும். ஏன் என்று அவர்களே கேட்பார்கள். செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை, கோயில் கோயிலாக நடந்தும் சைக்கிளிலும் போய் நிதி திரட்டும் நாள் ஒன்று நாடெங்கும் நடக்கிறது. நம் தமிழ்ப் பள்ளிகள் ஒரு வருடமாவது அதில் கலந்துகொள்ளலாம். ஊர்க் கோயில் இடிந்தால் நெஞ்சு பதைப்பது எப்படி என்று நமக்குத் தெரியும். அந்தப் பதைப்பு நம் கோயிலோடு நின்றுவிடக் கூடாது.

லண்டன், பர்மிங்காம், லெஸ்டர் என்று நீங்கள் எங்கே இருந்தாலும் சரி. ரோம்னி மார்ஷுக்குத்தான் வர வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் நிச்சயம் ஒரு பழைய தேவாலயம் இருக்கும். அதன் கதவும் சாத்தித்தான் இருக்கும்.

புரூக்லண்டுக்கே வருவதாக இருந்தால் வழி சொல்கிறேன். பிரென்ஸெட் தாண்டியதும் இடப்பக்கம் ஊர்ப் பெயர்ப்பலகையைக் கவனியுங்கள். பெரிய சாலையை விட்டு ஊர்த் தெருவுக்குள் போனால் கறுத்த மணிக்கூண்டு தானாகக் கண்ணில் படும். அதைக் கடந்து வாசல் மண்டபத்துக்குள் போங்கள். கதவில் இரும்பு வளையம் இருக்கும். திருகினால் உள்ளே தாழ் தூக்கும் சத்தம் கேட்கும். பழைய ஓக் கதவு, ஈரத்தில் இறுகியிருக்கும். கொஞ்சம் தோள் கொடுத்துத் தள்ளுங்கள்.

அன்புடன்,
கென்ட்டில் வசிக்கும் உங்களில் ஒருத்தி